2 வயதை நெருங்கும் குழந்தையோடு சிங்கப்பூர், மலேசியா: 9 இரவு, 5 ஊர், சரியா வருமா?

தண்டையார்பேட்டை_அப்பா | ஏப்ரல் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை 10 ராத்திரி சென்னையில் கிளம்பி 20-ம் தேதி திரும்புற மாதிரி திட்டம். நான், மனைவி, மகள். மகளுக்கு ஜூலை 19-ல் 2 வயசு முடியுது. சிங்கப்பூர் 3 இரவு, மலாக்கா 1, கோலாலம்பூர் 2, கெந்திங் 1, லங்காவி 2. டிக்கெட் இன்னும் போடலை. மகளுக்குப் பாஸ்போர்ட்டும் எடுக்கலை. பிறப்புச் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கு. எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் கட்டம் காலி. குழந்தையை மடியில் வெச்சுப் போனா எவ்வளவு மிச்சமாகும்? சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு பஸ்ஸா, பிளைட்டா? சாப்பாட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போறது?

மண்ணடி_டிக்கெட் | ஏப்ரல் 12, இரவு 10.25

சார், முதல்ல தேதியை மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

மடிக் குழந்தைக் கட்டணம் 2 வயசு முடியாத குழந்தைக்குத்தான். டிக்கெட் போடுற நாள் வயசைப் பார்க்க மாட்டாங்க, ஒவ்வொரு பயணத் தேதியிலும் என்ன வயசுன்னு பார்ப்பாங்க. 10-ம் தேதி போகும்போது உங்க மகள் மடிக் குழந்தை. 20-ம் தேதி திரும்பும்போது 2 வயசு ஒரு நாள், தனி இருக்கை கட்டாயம். போகவர மடிக் குழந்தையாகவே போட்டுட்டா, திரும்புற ஊர் செக்-இன் கவுண்டரில் பிறந்த தேதியைப் பார்த்து நிறுத்துவாங்க. அன்னைக்கு விலையில் ஒரு இருக்கை வாங்கணும். விமானம் நிரம்பியிருந்தா அதுவும் கிடைக்காது, மூணு பேரும் அங்கேயே நிக்கணும்.

பயணத்தை மூணு நாள் முன்னுக்கு இழுத்து 7-ம் தேதி கிளம்பி 17-ம் தேதி திரும்பினா இந்தச் சிக்கலே இல்லை. முழுச்சேவை நிறுவனங்களில் மடிக் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் வாங்குவாங்க. மலிவுக் கட்டண நிறுவனங்களில் ஒரு வழிக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை. டிக்கெட் சலுகை விலையில் இருக்கும்போது அந்தத் தொகைக்கும் முழு இருக்கை விலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்போ இருக்கையே வாங்கிடுங்க. இருக்கைக்குரிய பெட்டி எடையும் சேர்ந்து வரும், மடிக் குழந்தைக்கு அது கிடையாது, இல்லைன்னா ரொம்பக் குறைவு.

முன் வரிசையில் மாட்டுற தொட்டிலை நம்பாதீங்க. அதுக்கு நீள வரம்பும் எடை வரம்பும் உண்டு. 23 மாசக் குழந்தைக்குக் கால் மடக்கினாலும் இடம் பத்தாது.

பெரம்பூர்_லோகோ | ஏப்ரல் 12, இரவு 11.10

தேதி சரியாயிடும். எனக்கு உறுத்துறது 5 ஊர்தான்.

குழந்தையோட போகும்போது ஊரை எண்ணக் கூடாது தம்பி, பெட்டி கட்டுற தடவையை எண்ணணும். உங்க திட்டத்தில் நடுவில் மட்டும் 4 தடவை. ஒரு தடவை மாறுறதுன்னா என்னென்ன? காலையில் பெட்டி கட்டணும், 11 அல்லது 12 மணிக்கு அறையைக் காலி பண்ணணும், வண்டி, பயணம், மறுபடி வண்டி. அடுத்த ஊரில் 3 மணிக்குத்தான் அறை. மதியத் தூக்கம் விழுற நேரம் அப்படியே பறிபோகுது. தூக்கம் கெட்ட குழந்தை சாயங்காலம் சாப்பிடாது, ராத்திரி ரெண்டு தடவை எழுந்துக்கும். அடுத்த நாள் அரை நாளும் அதிலேயே போயிடும். 9 இரவில் 4 மாற்றம்னா உருப்படியா ஊர் பார்க்க 4 நாள் தேறினாலே அதிகம்.

கெந்திங்கை எடுத்துடுங்க. மலைப்பாதை வளைவில் பெரியவங்களுக்கே குமட்டும், மேலே இருக்கிற விளையாட்டில் பாதி உயரம் பத்தாத குழந்தைக்கு இல்லை. மலாக்காவில் ஒரு இரவுன்னா ராத்திரி வந்து காலையில் கிளம்புறது மட்டும்தான். லங்காவிக்குத் தனியா போகவர விமானம் வேணும். மூணு ஊர் போதும்: சிங்கப்பூர் 4, கோலாலம்பூர் 2, பினாங்கு 3.

பினாங்கை ஏன் சேர்க்கிறேன்னா, கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்சார ரயில் ஏறக்குறைய 4 மணி நேரம்தான். குழந்தை இடைவழியில் நடக்கலாம், கழிப்பறை பெட்டியிலேயே இருக்கு. பட்டர்வொர்த்தில் இறங்கினா தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுனுக்குப் படகு. கடலைத் தாண்டுற அந்தக் கொஞ்ச நேரமே குழந்தைக்குப் பெரிய வேடிக்கை. ஊர் உள்ளேயே லிட்டில் இந்தியா. தமிழ்லயே கேட்டு இட்லி வாங்கலாம்.

போகவர ஒரே ஊரில் டிக்கெட் போடாதீங்க. சென்னை–சிங்கப்பூர் போக, பினாங்கு–சென்னை திரும்பன்னு பல ஊர்த் தேடலில் போடுங்க. மலிவுக் கட்டண நிறுவனங்களில் ஒவ்வொரு வழியும் தனி விலைதான், அதனால் இப்படிப் போட்டா கூடுதல் செலவு இல்லை. திரும்ப சிங்கப்பூர் வரைக்கும் அலையவும் வேண்டாம்.

கொளத்தூர்_அம்மா | ஏப்ரல் 13, காலை 6.50

பாஸ்போர்ட்டைப் பத்தி யாரும் சொல்லலையே. மத்த வேலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான் நகரும்.

2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றா பிறப்புச் சான்றிதழை மட்டும்தான் ஏத்துக்குவாங்க. சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கான்னு இப்பவே எடுத்துப் பாருங்க. ஆஸ்பத்திரியிலிருந்து பதிவாகும்போது பெயர்க் கட்டம் காலியாகவே வரும். பின்னால போய்ப் பெயர் சேர்க்காதவங்க நிறைய பேர். முதல் 12 மாசம் கட்டணம் இல்லாம சேர்க்கலாம், அதுக்கு மேல 15 வயசு வரை தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். மாநகராட்சியில் அதை முடிச்சிட்டு, பெயரோட புதுப் பிரதி எடுத்த பிறகுதான் விண்ணப்பம் போடணும்.

வடசென்னைக்குப் பக்கத்து மையம் அமைந்தகரை. 4 வயசுக்குக் கீழே குழந்தையை அங்க படம் எடுக்க மாட்டாங்க, 4.5 x 3.5 செ.மீ. படம் வெள்ளைப் பின்னணியில் நீங்கதான் கொண்டு போகணும். இணைப்பு டி-ங்கிற உறுதிமொழியில் அப்பா, அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேர் பாஸ்போர்ட்டோட மூலமும் நகலும் எடுத்துட்டுப் போங்க. பெற்றோர் ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இருந்தா குழந்தைக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணை வராது. குழந்தை பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தான் செல்லும்.

இப்போ பெயர். நம்ம ஊர் வழக்கப்படி இனிஷியல் போட முடியாது. ஒற்றை எழுத்தை ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சுத்தான் எழுதணும். மகளுக்குக் கொடுத்த பெயரில் மகள் பெயர், சர்நேமில் அப்பா பெயர்னு போட்டுடுங்க. உங்களை மாதிரி காலியா விட்டா, பெரியவளானதும் ஒவ்வொரு படிவத்திலும் அதே தொல்லை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022-லிருந்து கட்டுப்பாடு வெச்சிருக்கு, நாளைக்கு துபாய் வழியா எங்கேயாவது போகணும்னாலும் இடிக்கும்.

மண்ணடி_டிக்கெட் | ஏப்ரல் 13, காலை 10.15

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். அதோட தொடர்ச்சி டிக்கெட்டில் இருக்கு.

சர்நேம் காலியா இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு, சில விமான நிறுவனங்கள் கொடுத்த பெயரையே ரெண்டு கட்டத்திலும் போடச் சொல்வாங்க. சிலர் எல்என்யு-ன்னு (கடைசிப் பெயர் தெரியாதுங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம்) போடச் சொல்வாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த நிறுவனத்தோட பக்கத்தில் பெயர் விதியைப் படிங்க. மனைவி பெயருக்குப் பின்னால உங்க பெயரைப் பழக்கதோஷத்தில் போட்டுடாதீங்க. பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் டிக்கெட்டில் வந்தா, மலிவுக் கட்டண டிக்கெட்டில் திருத்துறதுக்கே தனிப் பணம்.

சிங்கப்பூருக்கு விசா வேணும், கைக்குழந்தைக்கும் தனியா. அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாத்தான் போடணும், அவங்க சேவைக் கட்டணம் தனி. 14ஏ படிவம், 3 மாசத்துக்குள் எடுத்த 35 x 45 மி.மீ. படம், போகவர டிக்கெட் விவரம், தங்குமிடப் பதிவு, குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல். படத்தில் குழந்தையைப் பிடிச்சிருக்கிற உங்க விரல் தெரிஞ்சா திருப்பி அனுப்புவாங்க. நாற்காலி மேல வெள்ளை வேட்டியைப் போட்டு, அதில் குழந்தையை உட்கார வெச்சு, வாசல் பக்கம் முகம் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் எடுங்க. மூணு பேர் பாஸ்போர்ட்டும் நுழையிற நாளிலிருந்து 6 மாசத்துக்கு மேல செல்லணும், உங்களுடையதையும் இப்பவே பாருங்க.

மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு, 2026 டிசம்பர் 31 வரை. ரெண்டு நாட்டுக்கும் வருகைப் படிவம் இணையத்தில் போடணும்: சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி. ரெண்டும் இலவசம், ரெண்டும் வருகைக்கு முந்தின 3 நாளுக்குள்தான் எடுக்கும். தேடும்போது முதலில் வர்ற பக்கம் பணம் கேட்டா அது அரசுப் பக்கம் இல்லை, மூடிடுங்க. நீங்க ரெண்டு நாடு போறதால 3 நாள் கணக்கு ரெண்டும் வேற வேற நாளில் விழும். மலேசியப் படிவத்தைச் சிங்கப்பூர் அறையில் உட்கார்ந்துதான் போட வேண்டியிருக்கும், மறந்துடாதீங்க. சிங்கப்பூரில் இப்போ பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துறதில்லை, தங்க அனுமதி மின்னஞ்சலில் வரும். அதனால படிவத்தில் சரியான மின்னஞ்சல் கொடுங்க.

இன்னொன்னு. யாருக்காவது பாஸ்போர்ட்டில் இசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்கணும்கிற குறிப்பு) இருந்தா, அந்த நாடுகள் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. சுற்றுலாவுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனா கவுண்டரில் கேள்வி கூடுதலா வரும், திரும்புற டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் காகிதத்தில் இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை_அப்பா | ஏப்ரல் 13, மதியம் 1.30

பெயர்க் கட்டம் பார்த்தேன், காலியாத்தான் இருக்கு. நாளைக்கே மண்டல அலுவலகம் போறேன். மூணு ஊர்னு மனைவியும் ஒத்துக்கிட்டாங்க. சிங்கப்பூர்–கோலாலம்பூர் பஸ் நல்ல அகலமான இருக்கையோட வருதே, விலையும் குறைவு. அதில் போகலாமா?

விம்கோநகர்_34 | ஏப்ரல் 13, மாலை 4.05

போகலாம் அண்ணா. விமானம் ஒரு மணி நேரம்தான்னு சொல்வாங்க, ஆனா கதவிலிருந்து கதவுக்கு எண்ணிப் பாருங்க. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு 2 மணி நேரம் முன்னாடி போகணும். கோலாலம்பூர் விமான நிலையம் கேஎல்ஐஏ ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல. இறங்கிப் பெட்டி எடுத்து ஊருக்குள் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். மொத்தம் 5 மணி நேரத்துக்குக் குறையாது. பஸ்ஸும் 5 அல்லது 6 மணி நேரம்தான். குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கிடுங்க, காலை நீட்டித் தூங்கும்.

பெரம்பூர்_லோகோ | ஏப்ரல் 13, மாலை 5.20

நேரக் கணக்கு சரிதான், ஆனா எல்லையை விட்டுட்டீங்க. உட்லண்ட்ஸில் எல்லாரும் இறங்கிச் சிங்கப்பூர் குடிநுழைவு முடிச்சு மறுபடி ஏறணும். பாலம் தாண்டி ஜொகூரில் பெட்டி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை இறங்கணும். ரெண்டு பெட்டி, தள்ளுவண்டி, தூங்குற குழந்தை, பெரியவங்க ரெண்டே பேர். நின்னு நின்னு வரிசை போகும், பஸ் ரொம்ப நேரம் காத்திருக்காது. வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை காலையும் அந்தப் பாலம் நம்ம எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் வண்டி நிக்கிற மாதிரி நிக்கும். அந்த நேரத்தில் 5 மணி நேரம் 8 ஆகும். நிறைய பஸ்ஸில் கழிப்பறையும் இல்லை. 4, 5 வயசுப் பிள்ளைன்னா பஸ் சொல்வேன். 2 வயசுக்கு விமானம்தான்.

விம்கோநகர்_34 | ஏப்ரல் 13, மாலை 5.45

பெட்டியோட இறங்கணும்கிறது நியாயம்தான். பஸ் போறவங்க செவ்வாய்லிருந்து வியாழனுக்குள், காலை 9.30 வாக்கில் கிளம்பற வண்டி எடுங்க. ஒரே பெட்டி, முதுகில் கட்டுற குழந்தைப் பை, தள்ளுவண்டி வேண்டாம். இவ்வளவுக்கும் சம்மதம்னா மட்டும்.

பழைய_வண்ணை_நர்ஸ் | ஏப்ரல் 13, இரவு 8.30

மருந்து விஷயம். ஃப்ளூ தடுப்பூசி முதல் தடவை போடுற சின்னக் குழந்தைக்கு 4 வார இடைவெளியில் ரெண்டு ஊசி. ஜூலைக்குள் பலன் வேணும்னா மே மாசமே ஆரம்பிக்கணும். எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ரெண்டாவது ஊசி 16 முதல் 24 மாசத்துக்குள் போடுறது, போட்டாச்சான்னு அட்டையைப் பாருங்க.

காய்ச்சல் மருந்தில் நடக்கிற பெரிய தப்பு மில்லி அளவை மட்டும் மனப்பாடம் பண்றது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மி.கி. இருக்கிறதும் கடையில் உண்டு, 250 மி.கி. இருக்கிறதும் உண்டு. வீட்டில் கொடுத்துப் பழகின மில்லியை வேற ஊரில் வாங்கின வேற பாட்டிலிலிருந்து கொடுத்தா மருந்து ரெட்டிப்பாகும். அளவு எடைக்குத்தான்: கிலோவுக்கு ஒரு வேளை 15 மி.கி.க்கு மேல போகக் கூடாது, 6 மணி நேர இடைவெளி. 11 கிலோ குழந்தைக்கு 165 மி.கி. உங்க டாக்டர்கிட்ட மி.கி.யில் எழுதி வாங்குங்க. பழகின பாட்டிலையே ரெண்டு எடுத்துட்டுப் போங்க, அளவுச் சிரிஞ்சும் கூடவே.

ஓஆர்எஸ் பொட்டலம் 200 மில்லிக்கானது 10. ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பிரிச்சுக் குத்துமதிப்பா கலக்காதீங்க, உப்பு கூடினா குழந்தைக்கு ஆபத்து. இருமல் மருந்தில் கோடீன் இருந்தா வேண்டவே வேண்டாம். அது சின்னக் குழந்தைக்கும் ஆகாது, சிங்கப்பூரில் கட்டுப்பாட்டு மருந்தும்கூட. மருந்தெல்லாம் சீட்டோட, அட்டை பிரிக்காம, கைப்பையில். ரெண்டு நாட்டிலும் டெங்கு உண்டு, அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும், மெல்லிசு முழுக்கைச் சட்டை குறைஞ்சது நாலு எடுங்க. பயணக் காப்பீட்டில் குழந்தை பெயர் தனியா இருக்கணும்.

காலடிப்பேட்டை_அக்கா | ஏப்ரல் 13, இரவு 9.15

சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். எல்லா நாளுக்கும் கட்டிட்டுப் போகாதீங்க. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் அறை எடுத்தா தேக்கா சந்தை, இட்லிக் கடை எல்லாம் நடக்கிற தூரம். கையில் இருக்க வேண்டியது கிளம்புற நாளுக்கும், ராத்திரி பசிக்கும்தான்: வறுத்து அரைச்ச சத்துமாவு கால் கிலோ, அவல் பொடி, பொட்டுக்கடலை மாவு. அறையில் இருக்கிற கெட்டில் வெந்நீரில் கரைச்சாலே ஆகிடும். சத்துமாவு சரியா வறுபடாம இருந்தா வெந்நீரில் வேகாது, வயித்தைக் கலக்கும். வாசனை வர்ற வரைக்கும் வறுங்க.

கசகசாவை எந்த ரூபத்திலும் சிங்கப்பூருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. அங்க அது தடை செஞ்ச பொருள், போதைப் பொருள் சட்டத்தில் வரும். குருமாப் பொடி, வீட்டு மசாலா, சில லட்டு, இதிலெல்லாம் கலந்திருக்கும். பாட்டி கட்டிக் கொடுக்கிற பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டு எடுங்க. சூயிங்கமும் கூடாது.

குழாய்த் தண்ணி சிங்கப்பூரில் அப்படியே குடிக்கலாம், மலேசியாவில் காய்ச்சிக் குடிங்க. பிளக் ரெண்டு நாட்டிலும் மூணு சதுரக் கால், நம்மளுது நுழையாது. மாற்றி ரெண்டு வாங்கிக்குங்க. டயப்பர் அங்கேயே வாங்கலாம், கிளம்புற நாளுக்கு மட்டும் 8. பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி விதி குழந்தையோட பாலுக்கும் கஞ்சிக்கும் மருந்துக்கும் இல்லை. தனியா எடுத்துக் காட்டினா போதும்.

விமானம் இறங்க ஆரம்பிக்கிறப்போ, தரை தொட அரை மணி நேரம் முன்னாடி, பால் கொடுங்க. முழுங்கிட்டே இருந்தா காது அடைக்காது. ஏறும்போதே எல்லாத்தையும் கொடுத்துட்டா இறங்கும்போது குடிக்காது.

கொளத்தூர்_அம்மா | ஏப்ரல் 14, காலை 7.20

தூக்கத்தைப் பத்திக் கொஞ்சம். அங்க மணி நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இங்க 9 மணிக்குத் தூங்குற குழந்தை அங்க 11.30-க்குத் தூங்கும், 9.30-க்கு எழுந்துக்கும். 9 இரவுக்காக அதை மாத்தப் போராட வேண்டாம். காலையைத் தள்ளிவிட்டு சாயங்காலத்தைப் பயன்படுத்துங்க. கார்டன்ஸ் பை த பே-யில் விளக்குக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும், காசு இல்லை. நைட் சஃபாரி 7.15-க்குத் திறக்குது. உயிரியல் பூங்காவுக்கு 3 வயசுக்குக் கீழே சீட்டு வேண்டாம். 0.9 மீட்டருக்குக் கீழே எம்ஆர்டி ரயிலிலும் இலவசம்.

காரில் ஒரு சட்டம்: 1.35 மீட்டருக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடுற தனியார் காருக்கு விலக்கு இல்லை. குழந்தையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏத்த மாட்டேன்னுடுவார். குழந்தை இருக்கை உள்ள வண்டியா தேர்ந்தெடுங்க, இல்லைன்னா டாக்ஸி நிறுத்தத்துக்குப் போங்க.

முதல் நாள்தான் கஷ்டம். நம்ம ஊரில் ராத்திரி 11.30-க்குக் கிளம்பினா அங்க காலை 6.30. அறை 3 மணிக்கு. எட்டரை மணி நேரம் குழந்தையைத் தெருவில் வெச்சிருக்க முடியாது. போய்ச் சேர்ற நாளுக்கு முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவு பண்ணுங்க, ஆனா "காலை 8 மணிக்குத்தான் வருவோம்"னு விடுதிக்கு எழுதிப் பதில் வாங்கிடுங்க. எழுதலைன்னா ராத்திரி வராதவங்கன்னு மொத்தப் பதிவையும் ரத்து பண்ணிடுவாங்க.

தண்டையார்பேட்டை_அப்பா | ஏப்ரல் 14, இரவு 10.05

இப்படி மாத்தியிருக்கேன். ஜூலை 7 ராத்திரி கிளம்பி 8 காலை சிங்கப்பூர், 4 இரவு, 7-ம் தேதி இரவுக்கும் சேர்த்துப் பதிவு. 12-ல் விமானத்தில் கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல் பக்கம் 2 இரவு, 13 காலை பத்துமலை. 14-ல் ரயிலில் பினாங்கு, 3 இரவு. 17-ல் சென்னை. தண்டையார்பேட்டையிலிருந்து ஏர்போர்ட்டுக்கு எப்போ கிளம்பணும்? வேற எதாவது தப்பு இருக்கா?

விம்கோநகர்_34 | ஏப்ரல் 14, இரவு 10.40

நீல வழித்தடம் தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையம் வரை நேர் வண்டி அண்ணா, மாற வேண்டாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். 11.30 விமானத்துக்கு 7 மணி வண்டி பிடிங்க. சாயங்காலம் காரில் போனா பாரிமுனையிலும் அண்ணாசாலையிலும் எவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு சொல்லவே முடியாது. திரும்பும்போது இரவு 11-க்கு மேல இறங்கினா மெட்ரோ இருக்காது, காருக்கு முன்பதிவு வெச்சுக்குங்க.

பெரம்பூர்_லோகோ | ஏப்ரல் 14, இரவு 11.00

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்தே கொம்யூட்டர் ரயில் போகுது. 272 படி, தள்ளுவண்டியை அறையிலேயே விட்டுட்டு முதுகுப் பை எடுங்க. வெயிலுக்கு முன்னாடி ஏறிடணும், அந்த ஒரு நாள் மட்டும் பாப்பாவைச் சீக்கிரம் எழுப்புங்க. குரங்கு பால் பாட்டிலையும் பிஸ்கட்டையும் பிடுங்கும், கையில் எதுவும் தெரியக் கூடாது. மலேசிய விடுதியில் வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியா கேட்பாங்க, ஏமாத்துறாங்கன்னு நினைச்சுடாதீங்க. கார்டு தேய்க்கும்போது ரூபாயா ரிங்கிட்டான்னு கேட்டா ரிங்கிட்னு சொல்லுங்க. ரூபாய்னு சொன்னா மாற்று விலையில் கூடுதலா போகும்.

சிங்கப்பூரில் குழந்தைகள் தோட்டம் திங்கட்கிழமை விடுமுறை. நீங்க இருக்கிறது புதன்லிருந்து ஞாயிறு வரை, அதனால சிக்கல் இல்லை.

மண்ணடி_டிக்கெட் | ஏப்ரல் 15, காலை 9.50

கடைசிப் பயணம் மட்டும் இன்னும் முடிவாகலை சார். சென்னை–பினாங்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் ஆரம்பிச்சது. 17-ம் தேதிக்கு அது இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா பினாங்கு–கோலாலம்பூர்–சென்னை ஒரே டிக்கெட்டில் போடுங்க. ரெண்டு தனி டிக்கெட்டா போட்டா கோலாலம்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கணும், முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது டிக்கெட் போச்சு. அதைப் பார்த்துட்டு எழுதுங்க, 16-ல் கிளம்புறதா 17-ஆன்னு முடிவு பண்ணலாம். 18-ஐத் தாண்டக் கூடாது. 19-ல் பாப்பாவுக்கு 2 வயசு.